1995-இன் விண்கலம் அரசு லேப்டாப்பில்: ஓப்பன்டைரியன் விமர்சனம்

டைரியன் 1995-இல் டாஸ் கணினிகளுக்காக வெளிவந்த விண்கலச் சண்டை ஆட்டம். திரை மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும், நம் கலம் கீழே நின்று எதிரே வருவதையெல்லாம் சுடும். இதை உருவாக்கிய எக்லிப்ஸ் சாஃப்ட்வேர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்த குழு. ஜேசன் எமரி நிரல் எழுதினார். அலெக்சாண்டர் பிராண்டன் இசையையும் கதையையும் பார்த்துக்கொண்டார். படங்கள் டேனியல் குக் வரைந்தவை. வெளியிட்டது எபிக் மெகாகேம்ஸ், அதாவது ஃபோர்ட்நைட்டால் இன்று பள்ளிப் பிள்ளைகள்வரை அறிந்திருக்கும் அதே எபிக்தான். பிராண்டன் பிறகு அன்ரியல், டியூஸ் எக்ஸ் ஆகியவற்றின் இசையில் பங்கேற்றார். குக் ஸ்ப்ரை ஃபாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆட்கள் பெரிய ஆட்களானார்கள். ஆனால் அந்த ஆட்டம் ஓடிய டாஸ் போய்விட்டது, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு போய்விட்டது, சதுரக் கண்ணாடி மானிட்டரும் போய்விட்டது.

அப்படி ஆதரவிழந்த ஆட்டத்தை இன்றைய கணினியில் நேராக ஓட வைக்கும் வேலைக்குப் பெயர் ஓப்பன்டைரியன். 2007-இல் தொடங்கியது. இதை நான் பெரிய காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துப் பக்கம், பல வீடுகளில் பரண்மேல் கிடக்கும் ஒரு பொருளில் போட்டுப் பார்த்தேன்: தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம் அது. நான் எடுத்துக்கொண்டது முதல் சில ஆண்டுகளில் வந்த ஒன்று. 2 ஜிபி ராம், 14 அங்குலத் திரை. விண்டோஸ் பக்கம் பிரவுசரைத் திறந்தாலே விசிறி இரைகிறது. கூடவே போட்டுக் கொடுத்த பாஸ் லினக்ஸை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. புதிய ஆட்டங்கள் எதுவும் இதில் எழுந்திருக்காது. ஓப்பன்டைரியன் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்துகொண்டது. நிரலும் தரவும் சேர்த்துச் சில மெகாபைட்தான், வாட்ஸாப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோ அளவுகூட இல்லை.

பழைய ஆட்டத்தை உயிர்ப்பிக்க மூன்று வழி இருக்கிறது. டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டருக்குள் வைத்து, பழைய கணினியையே பாவனை செய்யலாம். ஆட்டத்தை முழுக்க மறுபடி வரைந்து, மறுபடி எழுதி, புது ஆட்டமாக விற்கலாம். மூன்றாவது வழி, மூல நிரலை எடுத்துப் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ப மாற்றி எழுதுவது. இந்த மூன்றாவதில் ஆட்டத்தின் தரவுக் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. எதிரிகள் எங்கே வருவார்கள், எந்தத் துப்பாக்கி எவ்வளவு அடிக்கும், பாட்டு, படம் எல்லாம் 1990-களில் இருந்தபடியே இருக்கும். அதைப் படித்து ஓட்டும் இன்ஜின் மட்டும் புதிது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டை குத்தி, ஜக்கார்டு பெட்டியில் மாட்டி நெய்கிறோம். புட்டாவும் பேட்டும் அட்டையில் இருக்கின்றன, தறியில் இல்லை. தறி உளுத்துப்போனாலும் அட்டைக்கட்டு பத்திரமாக இருந்தால் அதே அன்னப்பட்சியை வேறு தறியில் இறக்கிவிடலாம். கணினிக் கோப்பைப் படிக்கும் மின்னணு ஜக்கார்டுக்கே போனாலும் கட்டங்களின் கணக்கு மாறாது. டைரியனில் நடந்திருப்பது அதுதான். அட்டைக்கட்டு எக்லிப்ஸ் குழுவினுடையது, தறி புதியது.

தறியைப் புதிதாகச் செய்ய வழி பிறந்தது ஜேசன் எமரியின் பெருந்தன்மையால். ஆட்டத்தை அவர் டர்போ பாஸ்கலில் எழுதியிருந்தார். நம் ஊர்க் கல்லூரிகளிலும் கணினி மையங்களிலும் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்த பாஸ்கல்தான். அந்த மூல நிரலைப் பாதுகாத்து வைத்திருந்தவர், கேட்டு வந்த ஆர்வலர்களிடம் கொடுத்தார். அவர்கள் அதை சி மொழிக்கு மாற்றினார்கள். ஜிபிஎல் என்னும் திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 2004-இல், ஆட்டமே இலவசமாக்கப்பட்டிருந்தது. குக் தான் வரைந்த படங்களை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமத்தில் விட்டார். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் இன்று இந்த ஆட்டத்தை யாருக்கும் பயப்படாமல் இறக்கிக்கொள்ளவும், பிள்ளைகளுக்குக் கொடுக்கவும், பிரித்துப் பார்க்கவும் முடிகிறது. பழைய ஆட்டம், கடையில் கிடைக்காது, ஆகவே எடுத்துக்கொண்டால் தப்பில்லை என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. சட்டம் அப்படி இல்லை. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புக் கணக்கில் வருகிறது. ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கழியும்வரை உரிமை நீடிக்கும். கடையில் விற்கவில்லை என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. அந்தக் காலத்து ஆட்டங்களில் பல இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. உரிமை யாரிடம் என்றே தெரியாது, மூல நிரல் எந்த ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறதோ அதுவும் தெரியாது. டைரியனைச் செய்தவர்கள் கொடுத்தார்கள். அந்த ஒரு செயலை இந்த விமர்சனத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

கதை நடப்பது 20,031-ஆம் ஆண்டில். டிரென்ட் ஹாக்கின்ஸ், கோள்களை மனிதர் வாழத் தக்கதாக மாற்றும் வேலையில் இருக்கும் விமானி. பல்லி இனத்தைச் சேர்ந்த அவன் நண்பன் கண்ணெதிரே கொல்லப்படுகிறான். மைக்ரோசால் என்ற பெருநிறுவனம் டைரியன் கோளில் கண்டெடுத்த கிராவிட்டியம் என்ற கனிமத்தை ரகசியமாக வைத்திருக்க எதையும் செய்யும் என்று நண்பன் கடைசி மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறான். டிரென்ட் ஓடத் தொடங்குகிறான். இவ்வளவுதான் என்று முதலில் தோன்றும். ஆட்டத்தின் நடுவே எதிரிகள் உதிர்க்கும் டேட்டா கியூப்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அடுத்த கட்டத்துக்கு முன் நிதானமாகப் படித்தால்தான் அந்த உலகம் விரியும். ஒன்றில் ராணுவச் செய்தி, இன்னொன்றில் விளம்பரம், வேறொன்றில் யாரோ யாருக்கோ எழுதிய கடிதம். சுடும் ஆட்டத்துக்கு இவ்வளவு எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பிராண்டன் அனுபவித்து எழுதியிருக்கிறார்.

ஆட்டத்தின் உயிர் கடைத்திரையில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சம்பாதித்த பணத்தில் கலத்தை மாற்றிக்கொள்ளலாம். முன் துப்பாக்கி, பின் துப்பாக்கி, ஷீல்டு, ஜெனரேட்டர், இரு பக்கமும் கூடவே பறக்கும் சிறு துணைகள். துப்பாக்கிகளை 11 நிலைவரை ஏற்றலாம். இதில் இரண்டு முடிவுகள் அற்புதமானவை. முதலாவது, பழைய பொருளை மாற்றும்போது அதன் விலை முழுக்கத் திரும்ப வருகிறது. கழிவு இல்லை, நஷ்டம் இல்லை. அதனால் எதை வேண்டுமானாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் அடுத்த கட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். புதிதாக ஆடுபவரைத் தண்டிக்காமல் சோதித்துப் பார்க்கத் தூண்டும் ஏற்பாடு இது. நிஜப் பணம் கட்டினால்தான் துப்பாக்கி என்னும் இன்றைய மொபைல் ஆட்டங்களில் வளர்ந்த பிள்ளைக்கு இது முதலில் நம்பவே முடியாமல் இருக்கும்.

இரண்டாவது, ஜெனரேட்டர். சுடுவதற்கும் மின்சாரம் வேண்டும், அடிவாங்கிய ஷீல்டு மறுபடி நிரம்பவும் அதே மின்சாரம்தான் வேண்டும். லேசர் போல உறிஞ்சும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பட்டை காலியாகி, துப்பாக்கி விக்கும், ஷீல்டும் ஏறாது. ஆகவே எப்போது சுடாமல் ஒதுங்கி நிற்பது என்பதும் ஆட்டத்தின் பகுதியாகிவிடுகிறது. இந்த வகை ஆட்டங்களில் பெரும்பாலானவை விரலை அழுத்திப் பிடிப்பதோடு முடிந்துவிடும். டைரியனில் பிடித்த விரலை விடுவதுதான் கைத்திறன்.

பக்கத்துத் தெரு நெசவாளி வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு, ஃப்ரீ ஃபயர் ஆடியே பழகியவன். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனிடம் கீபோர்டைக் கொடுத்தேன். விண்கற்கள் நிறைந்த கட்டத்தில் ஷீல்டு போய்விட்டது.

"மாமா, சுட்டுக்கிட்டேதான் இருக்கேன், ஷீல்டு ஏறவே மாட்டேங்குது?"

"சுட்டுக்கிட்டே இருக்கறதாலதான்டா ஏறல. கொஞ்சம் நிறுத்திப் பாரு."

நிறுத்தினான். பட்டை ஏறியது. அதற்குப் பிறகு அவனை எழுப்ப அவன் அம்மாவே வர வேண்டியிருந்தது.

இப்போது இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். டைரியன் 320-க்கு 200 பிக்சல் திரைக்காக, 256 வண்ணங்களில் வரையப்பட்டது. கலத்தின் படம் 24 பிக்சல் அகலம், 28 உயரம். 12-க்கு 14 அளவிலான நான்கு துண்டுகளைச் சேர்த்து வைத்தது. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் குக் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, உலோகம் எங்கே மழுங்கியிருக்கிறது என்பதையெல்லாம் கொண்டுவந்திருக்கிறார். இதை இன்றைய திரையில் பெரிதாக்கும்போதுதான் சிக்கல். பழைய மானிட்டர்கள் 4:3 வடிவம். 320-க்கு 200 படத்தை அதில் நிறைத்தால் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட உயரம் சற்று கூடியதாக, 1.2 மடங்காக, நிற்கும். ஓவியர் பார்த்து வரைந்தது அந்த நீண்ட பிக்சலைத்தான். நேராக சதுர பிக்சலில் காட்டினால் கலங்கள் தட்டையாக, தலையில் தட்டினாற்போல இருக்கும்.

ஓப்பன்டைரியனின் புதிய வடிவத்தில் இதற்கு நான்கு வழி கொடுத்திருக்கிறார்கள். நடுவில் சிறிதாக வைக்கலாம், முழு எண் மடங்கில் பெரிதாக்கலாம், 8:5-இல் நிறைக்கலாம், 4:3-இல் நிறைக்கலாம். லேப்டாப்பின் 1366-க்கு 768 திரையில் முழு எண் மடங்கு என்றால் மூன்று மடங்கு, அதாவது 960-க்கு 600. சுற்றிலும் கறுப்புச் சட்டம், படம் கூர்மை, ஆனால் தட்டை. 4:3 என்றால் 1024-க்கு 768. வடிவம் சரி, ஆனால் நெடுக்கில் 3.84 மடங்கு, குறுக்கில் 3.2 மடங்கு என்று வருவதால் சில வரிசைகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். பின்னணி ஓடும்போது அது லேசாக நெளியும். முழு எச்டி திரையிலும் இதே கதைதான்: 1080-ஐ 200-ஆல் வகுத்தால் 5.4. சரியாக ஒத்துப்போக 1600-க்கு 1200 வேண்டும், குறுக்கில் ஐந்து மடங்கு, நெடுக்கில் ஆறு மடங்கு. பழைய சதுர எல்சிடி மானிட்டர் வைத்திருப்பவர்களில் யாருக்காவது அந்த அளவு அமைந்தால் அதிர்ஷ்டம். மற்றவர்களுக்கு என் பரிந்துரை 4:3. நெளிவு கண்ணுக்குப் பழகிவிடும், தட்டைக் கலம் பழகாது.

பிக்சல்களை மழுப்பி வழவழப்பாக்கும் ஸ்கேலர்களும் உண்டு. எச்க்யூ என்று தொடங்குபவை. போட்டுப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன். உலோக முனைகள் மெழுகு உருகினாற்போல ஆகிவிடுகின்றன. குக் ஒவ்வொரு புள்ளியாக யோசித்து வைத்ததை ஒரு சூத்திரம் அழிப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவற்றில் நான்கு மடங்கு கணக்குப் போடுவது பழைய லேப்டாப்புக்கு வீண் சுமையும்கூட.

ஓட்டத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 35 படங்கள். பழைய விஜிஏ திரை வினாடிக்கு 70 முறை புதுப்பித்துக்கொள்ளும், அதில் பாதி. இன்றைய திரைகளில் பெரும்பாலானவை 60 முறை. 60-ஐ 35 சரியாக வகுக்காது, ஆகவே சில படங்கள் ஒரு கணம் கூடுதலாக நிற்கும். விண்கற்கள் நிதானமாக இறங்கும் இடங்களில் கவனித்துப் பார்த்தால் ஒரு சின்னத் தடக்கு தெரியும். 120 ஹெர்ட்ஸ் மொபைலுக்குப் பழகிய கண் இதை உடனே பிடித்துவிடும். இடைப்படங்களைக் கணக்கிட்டுச் சேர்த்து வழவழப்பாக்க வழியுண்டு. ஆனால் எதிரியின் குண்டு எப்போது எங்கே இருக்கிறது என்பதில் கைவைக்காமல் அதைச் செய்ய வேண்டும். கவனமாகச் செய்ய வேண்டிய வேலை, செய்தால் புதியவர்கள் பலர் உள்ளே வருவார்கள்.

இசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டாஸ் காலத்து ஆட்லிப் ஒலிக் கார்டுகளில் யமஹாவின் ஓபிஎல்2 என்ற சில்லு இருந்தது. ஒரே நேரத்தில் ஒன்பது குரல், அவ்வளவுதான். பதிவு செய்த ஒலி அல்ல. எந்தச் சுரம், எந்த அளவு, எப்படித் தேய வேண்டும் என்ற கட்டளைகளை அனுப்பினால் சில்லு அங்கேயே ஒலியைப் பிறப்பிக்கும். ஓப்பன்டைரியன் அந்தச் சில்லையே மென்பொருளாக எழுதி வைத்திருக்கிறது. பிராண்டன் அனுப்பிய அதே கட்டளைகள் உள்ளே போகின்றன, அதே உலோக நாதம் வெளியே வருகிறது. லேப்டாப்பின் மெலிந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஹெட்ஃபோன் மாட்டி, ஆட்டத்தோடு வரும் ஜூக்பாக்ஸைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒன்பது குரலை வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு பெரிய வானத்தைக் கட்ட முடிந்திருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்பாக இருக்கிறது.

கைக்கு வருவோம். அம்புக்குறி விசைகளில் நகர்வு, ஸ்பேஸில் சுடுதல், என்டரில் பின் துப்பாக்கியின் திசை மாற்றம், இடது கன்ட்ரோலிலும் ஆல்ட்டிலும் பக்கத்துணைகள். லேப்டாப் கீபோர்டில் இது சற்று நெரிசல். ஒரே சமயத்தில் மூன்று விசைகளை அழுத்தினால் சில கீபோர்டுகள் ஒன்றை விழுங்கிவிடும், மூலைவாட்டில் பறந்துகொண்டே சுடும்போது இது கழுத்தறுக்கும். சாதாரண யூஎஸ்பி மவுஸ் மாட்டினால் கதையே வேறு. கலம் கை போகும் பக்கமெல்லாம் வருகிறது. கேம்பேடும் ஏற்கிறது, பொத்தான்களை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டுக்கும் இந்த நிரலை மாற்றியிருக்கிறார்கள். ஓடுகிறது, ஆனால் 14 அங்குலத்திலேயே சின்னதாகத் தெரியும் ஆட்டத்தை உள்ளங்கைத் திரையில் வைத்து அதன்மேல் கட்டைவிரலையும் வைத்தால் குண்டு வருவது தெரியாது. மொபைலில் ஆட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நிரல் திறந்து கிடப்பதால் இது எங்கெல்லாமோ போயிருக்கிறது. சோனியின் பிஎஸ்பி, நின்டெண்டோவின் வீ, கடைசியில் இஎஸ்பி32 என்ற சிறு சில்லுவரை. நம் பாலிடெக்னிக் மாணவர்கள் புராஜெக்ட்டுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, விளக்கு எரியவிட்டு அணைத்துக் காட்டும் அதே சில்லுதான். மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகள் எவரேனும் இதைப் படித்தால், விளக்குக்குப் பதிலாக ஒரு திரையையும் நான்கு பொத்தான்களையும் இணைத்து டைரியனை ஏற்றிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நினைவக மேலாண்மை என்று புத்தகத்தில் படிப்பது என்ன என்பது அன்று புரியும்.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது எழுத்தைப் பற்றியது. இவ்வளவு படிக்கக் கொடுக்கும் ஆட்டத்தில் எழுத்துரு ஏழெட்டு பிக்சல் உயரம். 1995-இல் வேறு வழி இல்லை. இன்று இருக்கிறது. ஆட்டக்களத்தை அப்படியே விட்டுவிட்டு, டேட்டா கியூப்பும் கடைத்திரையும் வரும்போது எழுத்தை மட்டும் திரையின் முழுத் துல்லியத்தில் வரைந்தால் போதும். ஆட்டத்தின் ஓர் அணுவும் மாறாது, நாற்பது தாண்டிய கண்ணும் வயிறாரப் படிக்கும்.

அப்படிச் செய்தால் தமிழுக்கும் கதவு திறக்கும். இப்போதைய அமைப்பில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு படம். ஒரு எண்ணுக்கு ஒரு படம் என்று வரிசையாக அடுக்கிப் போகிறது. தமிழில் "கொ" என்று எழுத மெய்க்கு முன்னும் பின்னும் குறி வர வேண்டும். யூனிகோட் முறையில் அதை அடுக்கித் தர இந்த இன்ஜினுக்குத் தெரியாது. ஆனால் நமக்கு இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியேற்றங்கள், அவற்றோடு புழங்கிய திஸ்கி, எல்லாமே கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை வரிசையாக எண்ணிட்டு வைத்தவைதான். கொம்புக்கு ஓர் எண், ககரத்துக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண். ஒரு எண்ணுக்கு ஒரு படம் என்னும் டைரியனின் இன்ஜினுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். யூனிகோட் வந்தபின் நாம் ஓரங்கட்டிய அந்த முறை, இந்த மாதிரிப் பழைய இன்ஜின்களுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுக்க இன்னும் உதவும். தடை அளவுதான். "ணை"யின் சுழிகளையும் "றை"யின் வாலையும் ஏழு பிக்சலுக்குள் அடக்க எந்த ஓவியராலும் முடியாது. உயர் துல்லிய எழுத்து முதலில் வர வேண்டும், பிறகு தமிழ் தானே வரும். மூல நிரல் கையில் இருக்கிறது, ஆட்டத்தின் வாக்கியங்கள் தரவுக் கோப்பில் மிக எளிய மறைப்பில்தான் இருக்கின்றன, அதை அவிழ்க்கும் வழியும் நிரலிலேயே இருக்கிறது. தமிழ்க் கணிமைக்கு உழைக்கும் இளைஞர்கள் ஒரு விடுமுறையை இதற்குக் கொடுக்கலாம்.

இணையத்தில் இருவர் ஆடும் வசதியும் இருக்கிறது, ஆனால் அது இன்னும் நிரலாளர்களுக்கான வசதியாகவே நிற்கிறது. பட்டியலில் பெயரைத் தொட்டு அழைக்க முடியாது. கட்டளை வரியில் எதிராளியின் முகவரியை அடித்துத் தொடங்க வேண்டும், 1333-ஆம் போர்ட் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். நம் மொபைல் நெட்வொர்க்குகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் வீட்டுக்கு வீடு இது பெரும்பாலும் கூடாது. ஒரே வைஃபையில் இரண்டு லேப்டாப் என்றால் கூடுகிறது.

அதைவிட நல்ல வழி ஒரே லேப்டாப்பில் இருவர் உட்காருவது. ஒருவர் கீபோர்டில், மற்றவர் மவுஸில். இருவரின் கலங்களும் ஒன்றையொன்று தொட்டால் இணைந்துகொள்ளும்: முன்னவர் ஓட்ட, பின்னவர் சுழலும் பீரங்கியாகி எல்லாத் திசையும் சுடுவார். சண்டை வலுக்கும் இடத்தில் பிரிந்து தனித்தனியாகவும் பறக்கலாம். சேர்வதா பிரிவதா என்று கத்திக்கொண்டேதான் ஆட வேண்டியிருக்கும். இந்த வசதியை எடுத்துக் கொண்டாடும் ஆட்டங்களை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எதை இறக்குவது என்று குழம்ப வேண்டாம். முதல் மூன்று அத்தியாயங்கள் 1995-இல் வந்தவை, நான்காவது பிறகு சேர்ந்தது. ஐந்தாவது, 1999-இல் வந்த டைரியன் 2000 என்ற பதிப்பில் மட்டும் உண்டு. ஓப்பன்டைரியன் படிப்பது 2.1 பதிப்பின் தரவை, அதாவது நான்கு அத்தியாயம். ஐந்தாவதும் வேண்டும் என்பவர்களுக்கு டைரியன் 2000-இன் தரவைப் படிக்கும் தனிக் கிளை ஒன்று இருக்கிறது. ஜிஓஜி கடையில் டைரியன் 2000 இலவசம், கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். முதன்முறை ஆடுபவர்களுக்கு நான்கு அத்தியாயமே தாராளம், முதல் அத்தியாயம்தான் இருப்பதிலேயே கட்டுக்கோப்பானது. அன்று அதைத்தான் ஷேர்வேராக இலவசமாக விட்டார்கள். பத்திரிகையோடு வரும் சிடியில் கிடைத்த முதல் அத்தியாயத்தோடு நம் ஊரில் பலருக்கு டைரியன் முடிந்துபோனது. டாலரில் பணம் கட்டி மீதியை வரவழைக்கும் வசதி அன்று யாரிடம் இருந்தது? சவாரா கோளின் கடலுக்கும் தீவுகளுக்கும் மேலே பறந்து, அசாசின் கட்டத்தோடு நின்றுபோனவர்கள் உங்களில் யாரேனும் இருந்தால், இரண்டாம் அத்தியாயம் காத்திருக்கிறது.

பரண்மேல் இருக்கும் லேப்டாப்பை எடுத்து, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றிவிட்டு, அடாப்டரில் நேராக ஓட்டுங்கள். நார்மல் கடினநிலை, 4:3 திரை, ஸ்கேலர் வேண்டாம், மவுஸ் கட்டாயம். முதல் பணத்தில் துப்பாக்கி வாங்காமல் ஜெனரேட்டர் வாங்குங்கள்.